காதுகுத்துப் பாடகருக்கு ஒரு பக்கம்

இணையக் கலைக்களஞ்சியத்தில் எனக்கு நிர்வாகி என்று பெயர். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது. ஆனால் ஆட்களை அழிக்கும் அதிகாரம் உண்டு. யார் வேண்டுமானாலும் அதில் கட்டுரை எழுதலாம் என்பது அந்தக் களஞ்சியத்தின் பெருமை. யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றியே எழுதிக்கொள்ளலாம் என்று பெரம்பலூர் அதைப் புரிந்துகொண்டது. டைப்ரைட்டிங் நிலையம் நடத்துபவர், ராசிக்கல் விற்பவர், ஒரே ஒரு தேர்தலில் நின்று டெபாசிட் இழந்தவர் என்று எத்தனையோ பேரை நான் துடைத்துப் போட்டிருக்கிறேன். ‘குறிப்பிடத்தக்கவர் அல்ல’ என்று ஒரு வரி எழுதி, பொத்தானை அழுத்தினால் ஆள் காலி. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐந்து கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் நடத்தி வந்தேன். பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் கடை தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டும் தொழில். ஓட்டிய நேரம் போக மிச்ச நேரத்தில் திருமழபாடி கோயில், ஆண்டிமடத்து முந்திரி, பச்சைமலை என்று எழுதித் தள்ளினேன். அப்படித்தான் நிர்வாகி ஆக்கினார்கள்.

2006 வைகாசியில் ஒரு மத்தியானம், வெங்காயச் சருகு ஒட்டிய சட்டையோடு ஒருவர் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார்.

“ஏம்மா, இன்டர்நெட்டுல ஆளுங்களப் பத்தி எழுதுற பிரவீணாங்கிற பொண்ணு நீதானா?”

“ஆமாங்க.”

“என்னையப் பத்தி எழுதணுமே.”

“நீங்க யாருங்க?”

“அதத்தான் எழுதணுங்கறேன்.”

இன்னொரு ராசிக்கல் என்று நினைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் விதிகளை ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார்.

“கம்மலு வருது கண்ணு, கத்தாம குந்து... மாமன் மடி இருக்கு, மல்லாடாம குந்து...”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பாட்டைத் தெரியாத காது இந்த மாவட்டத்தில் கிடையாது. அரியலூரும் பெரம்பலூரோடு சேர்ந்து ஒரே மாவட்டமாக இருந்த சமயம் அது. வேப்பந்தட்டை மலையடிவாரத்தில் தொடங்கி ஆண்டிமடத்து முந்திரிக்காடு வரைக்கும், எந்த வீட்டில் காதுகுத்து என்றாலும் விடிகாலையில் மைக்செட்டில் முதலில் போடுவது இதுதான். என் கல்லூரிப் பரீட்சை அத்தனைக்கும் இந்தப் பாட்டுதான் என்னை எழுப்பியது. பாடியவன் எவனாக இருந்தாலும் நாசமாகப் போக வேண்டும் என்று நான் மனதாரத் திட்டியிருக்கிறேன். அந்த எவன் இப்போது என் கடையில் நின்றார்.

“இது சினிமாப் பாட்டில்லீங்களா?”

“எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க” என்றார். முகம் சுண்டிப் போயிருந்தது.

பெயர் மாயவன். ஊர் வேப்பந்தட்டை. சின்ன வெங்காயம் ஏற்றும் மினி லாரியின் டிரைவர். வண்டி ஓட்டும்போதே பாட்டுக் கட்டுவார். அரியலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடி அறையில், சுவரெல்லாம் கம்பளிப் போர்வை தொங்கவிட்டு, தானே கீபோர்டு வாசித்துத் தானே பாடிப் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கம்பெனியும் கிடையாது. சிடி போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் பேரை எழுதி, மைக்செட்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்தார். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், எல்லாக் காதுகுத்துப் பாட்டையும் ஒரே எம்.பி.3 சிடியில் ஏற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுவிட்டார்கள். மாயவன் ஏழாம் நம்பர் ஆகிவிட்டார். “ஏழ போடு” என்றால் அவர்தான்.

போன மாதம் ஆண்டிமடத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. மாயவன் மைக்செட் மேடைக்குப் போய், “இது நான் பாடுனதுப்பா, பேரச் சொல்லிப் போடு” என்றிருக்கிறார். மைக்செட்காரர் பெயர் ஆண்டவர். கடைப் பெயரும் ஆண்டவர் சவுண்டு சர்வீஸ். அவர் மைக்கை அணைக்காமலேயே, “இதோ ஒருத்தரு இந்தப் பாட்டு அவரு பாடுனதுங்கறாரு. போன வாரம் ஒரு பாட்டு அவரு எழுதுனதுன்னு வேற ஒருத்தரு வந்தாரு. சரக்கு எங்கய்யா விக்கிது?” என்று கேட்டுவிட்டார். பந்தல் பூராவும் சிரித்திருக்கிறது. மாயவனின் பெண்டாட்டியும் பந்தலில்தான் இருந்தாள்.

“எங்கியாச்சும் ஒரு எடத்துல, இந்தப் பாட்டு மாயவன் பாடுனதுன்னு எழுதி இருக்கணும்மா. நான் செத்தப்பறம் இது யாரோ ஒருத்தன் பாட்டாப் போயிரக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம்.”

அந்த ‘வேற ஒண்ணும் வேணாம்’தான் என்னைக் கவிழ்த்தது. உட்கார்ந்து எழுதிவிட்டேன். பிறப்பு, பாட்டு, போர்வை தொங்கிய அறை எல்லாம் சேர்த்து நான்கு பத்தி. மாயவன் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலத்துக்குள் கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை விழுந்துவிட்டது. ‘இக்கட்டுரை நீக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது.’ போட்டவர் வடதுருவன். அது அவரே வைத்துக்கொண்ட பெயர். நார்வேயில் இருக்கும் ஈழத்துக்காரர், சக நிர்வாகி, மகா கறார். அவரைப் பார்த்துத்தான் நான் கறாரே கற்றுக்கொண்டேன். கீழே எழுதியிருந்தார்: ‘இக்கலைஞர் பற்றி அவருடன் தொடர்பில்லாத எந்தவொரு ஊடகமும் எழுதியதாகத் தெரியவில்லை. பாடல் பிரபலமானது என்பதற்குச் சான்று யாது?’

சான்று யாது என்றால் என்ன சொல்வது? அண்ணே, நீங்கள் ஒரு ராத்திரி பெரம்பலூரில் படுத்துப் பாருங்கள், விடியும்போது சான்றே வந்து காதைத் திருகும் என்றா? பனிக்கட்டிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிப் புரியும்!

மாயவன் விஷயத்தைக் கேள்விப்பட்டு வேப்பந்தட்டையிலிருந்து பதினோரு பேரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அத்தனை பேரும் வரிசையில் நின்று, என் கடையில் ஒரே கம்ப்யூட்டரில், ‘மாயவன் அண்ணன் பாட்டு சூப்பர், நீக்கக் கூடாது’ என்று, கட்டுரையை வைப்பதா எடுப்பதா என்று விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் எழுதினார்கள். மற்ற நாலு கம்ப்யூட்டரும் சும்மாதான் இருந்தன. முதல் ஆள் உட்கார்ந்ததில்தான் ராசி என்று யாரும் நகரவில்லை. வடதுருவன் கொதித்துப் போனார். ‘ஒரே கணினியிலிருந்து ஒரே நபர் பதினொரு பெயர்களில் வாக்களித்துள்ளார். வெட்கக்கேடு.’ பதினோரு வாக்கையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டார்.

அடுத்து மாயவன் ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்து கொட்டினார். காதுகுத்து அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ‘இன்னிசை: வேப்பந்தட்டை மாயவன்’ என்று போட்ட போஸ்டர். எல்லாம் சொந்தக்காரனும் சிநேகிதனும் அடித்தவை. களஞ்சியத்தில் செல்லாது.

“வேண்டாதவன் எவனாச்சும் அச்சடிச்சாத்தான் செல்லுமாம்மா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாங்க.”

அன்றைக்குக் கடையில் இன்னொருவரும் இருந்தார். நடராசன். ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர், முழுநேர இன்சூரன்ஸ் ஏஜெண்டு. செய்தியை என் கடையிலிருந்துதான் மெயில் அனுப்புவார். அவரிடம் கெஞ்சினேன். “பாட்டுக்காரர் ஒருத்தர் இருக்காருன்னு நாலு வரி போடுங்களேன்.”

“இருக்காருங்கறதெல்லாம் செய்தியாம்மா? எல்லாருந்தான் இருக்காங்க. பாராட்டுன்னா அது வெளம்பரம், பேப்பர்ல ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு ஆளு சாவணும். இல்ல ஆளு மேல புகார் வரணும். இவருக்கு எது வசதின்னு கேளு.”

மாயவன் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார்.

வழியையும் நடராசனே சொன்னார். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்து நிருபர்கள் அத்தனை பேரும் அங்கே ஆலமரத்தடியில்தான் கிடப்பார்கள். சுடுகாட்டுப் பாதை, குடிதண்ணீர், பட்டா என்று வருகிற மனுவிலேயே வாரத்துச் செய்தி முடிந்துவிடும். அங்கே மாயவன் பாட்டின் மேல் ஒரு புகார் மனு விழுந்தால், அச்சில் வந்தே தீரும்.

ஆனால் வேப்பந்தட்டையில் மாயவன் மேல் புகார் கொடுக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. “நம்ம மாயவன் மேலயா? போய்யா” என்று விரட்டிவிட்டார்கள். கடைசியில் அவர் பெண்டாட்டி ஆண்டாயிதான் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டாள் என்பது தப்பு. குதித்துக்கொண்டு கிளம்பினாள்.

“கண்ணாலம் ஆனதுலேர்ந்து என் கொறையக் கேக்க ஆளில்ல. கலெக்டரே கேக்குறாருன்னா வுட முடியுமா?”

அந்தத் திங்கள்கிழமை நானும் போனேன். இதெல்லாம் சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். மனுவில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பெண்டாட்டி புகார் கொடுக்கக் கூடாது என்று களஞ்சியத்தில் விதியும் இல்லை. எனக்கு விதிகள் மனப்பாடம். மாயவன் எதிர் டீக்கடையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். மனுவை வாங்கி முத்திரை குத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் நடராசன் சைகை காட்ட, மற்ற நிருபர்களும் சூழ்ந்துகொண்டார்கள்.

“கோழி கூவுறதுக்கு முன்னாடி ஆரம்பிக்கிறானுவய்யா!” ஆண்டாயிக்குச் சேலை முந்தானை இடுப்புக்குப் போய்விட்டது. “வேப்பந்தட்டயில ஒரு கொழாயி, அந்தாண்ட ஆண்டிமடத்துல ஒரு கொழாயி. எங்க போனாலும் இந்த ஒத்தப் பாட்டுதான். ‘கத்தாம குந்து’ன்னு கத்துறான். எவன் பாடுனதுன்னு கேட்டா, மாயவன்னு ஒருத்தனாம். வெங்காய வண்டி ஓட்டுறவனாம். வூட்டுல ஒரு வேல செய்ய மாட்டானாம். சோறு வெச்சா ஆறிப் போவுமாம், பாட்டுக் கட்டிக்கிட்டே கெடப்பானாம். அந்த ஆளு பொண்டாட்டி எப்பிடித்தான் குடித்தனம் நடத்துறாளோ, மவராசி!”

டீக்கடையில் துண்டு நடுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் மூன்று பத்திச் செய்தி. ‘காதுகுத்துப் பாடலால் தூக்கம் தொலைத்த மக்கள். மாவட்டம் முழுவதும் ஒலிக்கும் மாயவன் பாட்டு மீது பெண் பரபரப்பு புகார்.’ அதை ஸ்கேன் செய்து உரையாடல் பக்கத்தில் ஏற்றினேன். வடதுருவன் நேர்மையான மனிதர். ‘தொடர்பற்ற ஊடகத்தில், எதிர்மறையாகவேனும், விரிவாகக் கவனிக்கப்பட்டுள்ளார். மாவட்டம் முழுவதும் ஒலிப்பதும் உறுதியாகிறது. கட்டுரையைத் தக்கவைக்கலாம்’ என்று சிவப்புப் பட்டையை எடுத்துவிட்டார். கூடவே, சான்றில்லாத மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார். போர்வை தொங்கிய அறை போயிற்று, கீபோர்டு போயிற்று. மிஞ்சியது இவ்வளவுதான்: ‘கம்மலு வருது என்ற காதுகுத்துப் பாடலைப் பாடியவர் மாயவன். இப்பாடல் பொதுமக்களின் உறக்கத்தைக் கெடுப்பதாகக் கூறப்படுகிறது.’

மாயவனுக்கு அதுவே போதும். சந்தைக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். என் கடைக்குக் கொஞ்ச நாள் நல்ல வியாபாரம்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தம் முகூர்த்தமாகக் காதுகுத்து. ஒரு காலையில் மாயவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் உயிரில்லை.

“பிரவீணா, விடிகாலையில வண்டி எடுத்துக்கிட்டு வாரேன். வழியில நாலு வூட்டுல காதுகுத்து. ஒரு வூட்டுலயும் நம்ம பாட்டு இல்ல. சினிமாப் பாட்டு ஓடுது.”

மைக்செட்காரர்கள் செய்தியைப் படித்திருக்கிறார்கள். படித்ததில் பாட்டின் பெருமை எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. புகார், கலெக்டர் என்ற இரண்டு வார்த்தை மட்டும் பட்டிருக்கிறது. யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை, ஓர் ஆபீசரும் வந்து கேட்கவில்லை. தாங்களாகவே பயந்துபோய் ஏழாம் நம்பரைத் தாண்டிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்டவரிடம் கேட்டதற்கு, “பாட்டு மேல கேசு இருக்குது. எனக்கு எதுக்குய்யா வம்பு?” என்றாராம்.

“பேரு வந்துச்சு, பாட்டு போயிருச்சும்மா” என்றார் மாயவன். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பாட்டே இல்லாத பாட்டுக்காரன் என்று ஊரில் கிண்டல் வேறு.

புகாரை வாபஸ் வாங்கிய செய்தி போட முடியுமா என்று நடராசனைக் கேட்டோம். “சமாதானமெல்லாம் செய்தி இல்லம்மா” என்று பாலிசி பாரத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆண்டாயி யாரையும் கேட்கவில்லை. அடுத்த திங்கள்கிழமை தானே மனு எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போன முறை பார்த்த அதே நிருபர்கள், அதே ஆலமரம்.

“எம் புருசன் பாட்ட ஏன்யா போட மாட்டேங்குறானுவ? நான் திட்டுவேன், எம் புருசன். இவனுவ யாரு பாட்ட நிறுத்துறதுக்கு? சினிமாப் பாட்டப் போட்டா புள்ளைங்க காதுல நிக்குதா? வீல் வீல்னு அழுவுது. மரியாதையா எம் புருசன் பாட்டப் போடச் சொல்லுங்க!”

இந்த முறை போட்டோவோடு வந்தது. ‘பாட்டை நிறுத்து என்றவரே பாட்டைப் போடு என்கிறார். புகார் கொடுத்தது பாடகர் மாயவனின் மனைவி.’ மைக்செட்காரர்களுக்கு இப்போது போடாமல் இருப்பதற்கும் கலெக்டரிடம் புகார் போகும் என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே ஏழாம் நம்பர் திரும்பி வந்தது.

ஆனால் அந்தச் செய்தி நாளிதழின் இணையப் பக்கத்திலும் ஏறி, சிரிப்புச் செய்தியாகக் கைமாறிக் கைமாறி நார்வேக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வடதுருவன் எனக்குத் தனியாக எழுதினார். ‘தொடர்பற்ற சான்று என நாம் ஏற்றது அவரது இல்லத்திலேயே தயாரானது. இது உங்களுக்கு முன்பே தெரியுமா?’ தெரியும் என்று எழுதினேன். பதில் வந்தது: ‘வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் அவரை நேரில் அறிந்தவர். தக்கவைப்பதா, நீக்குவதா என்பதை உங்கள் மனச்சாட்சிக்கே விடுகிறேன்.’

நாசமாய்ப் போன மனச்சாட்சி. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வைத்துக்கொண்டிருப்பேன். பாட்டு உண்மை, பாடியவர் உண்மை, புகழ் உண்மை, சான்று மட்டும் பொய். இதை விட்டால் நாளைக்கு ராசிக்கல்காரர் தன் பெண்டாட்டியைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்புவார், டெபாசிட் போனவர் நாலு பேரைச் செட்டப் செய்வார். அவர்களை எந்த முகத்தோடு அழிப்பேன்? பொத்தானை அழுத்தினேன். ராசிக்கல்காரரை அழித்தபோது வந்த சுகம் இதில் ஒரு துளியும் இல்லை.

மறுநாள் மாயவனும் ஆண்டாயியும் வந்தார்கள். மறைக்காமல் சொன்னேன்.

“அழிச்சிட்டியா?”

“அழிச்சிட்டேங்க. நானே.”

ஆண்டாயி, “எங்க, காட்டு பாப்பம், நெசமாவே இல்லியான்னு” என்றாள். அவர் பெயரைத் தட்டினேன். வெள்ளைத் திரையில் ஒரு பெட்டி வந்தது. மாயவன் எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்.

“மா-யவன். பாடகர். இந்தப் பக்கம் நீக்கப்பட்டது. நீக்கியவர் பிரவீணா. காரணம், குறிப்பிடத்தக்கவர் அல்ல.” நிமிர்ந்தார். “பேருக்குப் பக்கத்துல பாடகர்னு போட்டுருக்கே, இது யாரு போட்டா?”

“பெருமாளுக்கும் அதே பேருல்லீங்களா? ரெண்டும் கொழம்பிறக் கூடாதுன்னு தலைப்புல போடறது. விதி.”

“இது எத்தன நாளைக்கு இருக்கும்?”

“பக்கத்தத்தாங்க அழிக்க முடியும். அழிச்சேங்கற குறிப்ப யாரும் அழிக்க முடியாது. அது எப்பவும் இருக்கும்.”

“நீ நெனச்சாலும்?”

“நான் நெனச்சாலும் முடியாது.”

“நார்வேக்காரரு நெனச்சாலும்?”

“அவராலயும் முடியாதுங்க.”

மாயவன் ஆண்டாயியைப் பார்த்தார். ஆண்டாயி மாயவனைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை.

“இதப் பிரிண்டு போட்டுக் குடு தாயி. ரெண்டு காப்பி” என்றார்.

அந்த ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில், என் சிநேகிதி மலர்கொடியின் மகனுக்கு ஆண்டிமடத்தில் காதுகுத்து. மைக்செட் ஆண்டவர் சவுண்டு சர்வீஸ். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே அந்தக் காகிதம் பளபளவென்று லேமினேஷன் செய்யப்பட்டுத் தொங்கியது. பையன் மாமன் மடியில் உட்கார்ந்ததும் ஆண்டவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! அடுத்து வர்ற பாட்டு, இன்டர்நெட்டுலயே வெச்சுக்க முடியாம நீக்கப்பட்ட ஒரே பாடகர், நம்ம வேப்பந்தட்ட மாயவன் அண்ணன் பாடுனது!”

பந்தல் பூராவும் திரும்பிப் பார்த்தது. “அடேங்கப்பா, அவரு பாட்டா இது?” என்று எனக்குப் பின்னால் யாரோ கேட்டார்கள். எழுந்து போய், அய்யா, அதற்கு அர்த்தம் அது இல்லை என்று விளக்கியிருக்க வேண்டும், நான் நிர்வாகி. கையில் இருந்த சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பந்தியில் பாதி சாப்பாட்டில் இருந்த மாயவன் எழுந்து நின்று, சோற்றுக் கையாலேயே ஊரைக் கும்பிட்டார்.